பீடம் விட்டுப் பாத்திக்கு!

குயிலாப்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் கண்ணைப் பறிக்கும். வேடிக்கை பார்ப்பவனுக்கு அது வெள்ளிப் பாளம். உப்பு வாரும் தோழனுக்கோ கண்ணைக் கருக்கும் வெயில், காலை அரிக்கும் உவர்நீர், மழை பிறந்தால் வேலையில்லாத் திண்டாட்டம்! மறுமையின் இன்பத்தை அவனுக்கு எடுத்துரைத்த குருமார் ஏராளம். "இம்மையில் உன் கூலி என்ன?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

கேட்டவர்களும் உண்டு. 1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செல்மா நகரில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் நடத்திய பேரணியின் முன்வரிசையில் வெண்தாடிக்காரர் ஒருவர் நடந்தார். ஆபிரகாம் ஜோசுவா ஹெஷல் என்பது அவர் பெயர். இட்லரின் கொடுமைக்குத் தாயையும் உடன்பிறந்தாரையும் பறிகொடுத்தவர். ராபிகளை, அதாவது யூத மதகுருமாரை, உருவாக்கும் நியூயார்க் கல்லூரியின் ஆசிரியர். இன்று அந்நாட்டில் வருங்கால ராபிகளுக்கு வேதத்தோடு, மக்களைத் திரட்டி நியாயம் கேட்கும் முறையும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

நம் நாட்டில்? மதுரை அரசரடியிலே 1969-இல் எழுந்தது தமிழ்நாடு இறையியல் கல்லூரி. வருங்காலப் பாதிரிமார் படிக்கும் இடம். படிப்பின் ஒரு பகுதியாக மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி, சேரிகளிலும் சிற்றூர்களிலும் குடியிருந்து, ஏழையின் பாட்டை அருகிருந்து கற்றார்கள். அங்கே பாடம் சொன்ன தியாபிலஸ் அப்பாவு, தீண்டாமை முத்திரை குத்தப்பட்ட பறையை வழிபாட்டிலே முழங்கச் செய்தார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்ணும் சமத்துவமே சமயம் என்று போதித்தார். 2005-இல் அவர் மறைந்தார், முழக்கம் மறையவில்லை.

நாம் கருவறைக்குள் நுழையும் உரிமை கேட்டவர்கள். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கக் கலைஞர் அரசு 1970-இல் சட்டம் கொண்டுவந்தது. வழக்குகள் வழிமறித்தன. 2021 ஆகஸ்டு 14-இல், பயிற்சி பெற்ற பல்வேறு சாதியினர் அர்ச்சகராகப் பணியமர்த்தப்பட்டனர். மகிழ்ச்சி! ஆனால் உள்ளே போனவர், வெளியே நிற்கும் உழைப்பாளிக்காகப் பேசும் நாள் வரவேண்டாமா? பேசாவிட்டால் ஆள் மாறியதாகுமே தவிர, அமைப்பு மாறியதாகுமா?

தோழர்களே! கடவுள் உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு. அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நம்மை நாமே ஒன்று கேட்போம். பாதிரியாகப் போகிற பிள்ளை சேரியில் குடியிருந்து கற்கிறான். பகுத்தறிவு பேசும் நம் பேச்சாளர் உப்பளத்துக் குடிசையில் எத்தனை இரவு தங்கினார்? உப்பளத் தொழிலாளியின் கூலிக் கணக்கு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவன் பிள்ளையின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று யாராவது நடந்து பார்த்தோமா?

தலைமை என்பது ஒலிபெருக்கியின் முன் பிறப்பதல்ல. உழைப்பவனோடு உண்டு, உறங்கி, அவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கையில் பிறப்பது. ஆகவே, மேடை ஏறுமுன் பாத்தியில் இறங்குவோம்!