முதியோர் குடியிருப்பும் ஆராய்ச்சியின் போக்கும்

முதுமையெய்தினோரைத் தனிக் குடியிருப்பில் வாழவைத்தல் அவர்களைச் சமுதாயத்தினின்றும் ஒதுக்குவதாகுமோ? ஐக்கிய அமெரிக்க அறிஞர் இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர்.

முதியோர் எல்லா வயதினரோடும் கலந்து வாழ்தலே தக்கதென 1956இல் லூயிஸ் மம்போர்ட் வாதித்தார். எனினும், 1960 சனவரி முதலாந் திகதி அரிசோனாவிலே சன் சிற்றி என்னும் ஓய்வுபெற்றோர் நகரம் திறக்கப்பெற்றது. அதன்பின் அறிஞர் முதியோரின் வாழ்வையே நேரில் ஆராயலாயினர்.

கிளீவ்லண்ட் நகர முதியோரை ஆராய்ந்த இர்விங் ரொசோ, ஒத்த வயதினர் செறிந்துள்ள இடத்திலேயே அயலார் நட்பு மிகும் என்று 1967இல் எடுத்துக்காட்டினார். தொழிலாளர் வகுப்பினரே அந்நட்பைப் பெரிதும் சார்ந்திருந்தனர். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒரு மாடிக்கட்டடத்தில் வாழ்ந்த 43 முதியோரைப் பற்றி ஆர்லி ஹொக்சைல்ட் 1973இல் நூலெழுதினார். பெரும்பாலும் கைம்பெண்களாகிய அவர்கள், உடன்பிறந்தார்போல் ஒருவர்க்கொருவர் துணையாயிருந்தனர். 1980களில் மைக்கேல் ஹன்ட், எவரும் திட்டமிடாமலே முதியோர் மிகுந்துவிட்ட சாதாரணக் குடியிருப்புகளின்பால் ஆராய்ச்சியைத் திருப்பினார்.

இவ்வாறு ஆராய்ச்சியின் நோக்குக் கட்டடத்தினின்றும் உறவுக்கு நகர்ந்தது. இவற்றால் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. ஒதுக்கம் என்பது வயதொத்தாரோடு வாழ்வதால் வருவதன்று. தேடுவாரின்றி வாழ்வதால் வருவது. மக்களும் பேரரும் நிறைந்த வீட்டிலும் அது நேரக்கூடும்.