விசையுந்தின் குளிர் தொடக்கச் சிக்கல்

விசையுந்தின் குளிர் தொடக்கச் சிக்கல் என்பது, நெடுநேரம் ஓடாமல் நின்று சுற்றுப்புற வெப்பநிலைக்குக் குளிர்ந்துவிட்ட விசையுந்தின் பொறி எளிதில் இயங்கத் தொடங்காத நிலையைக் குறிக்கும். இது குளிர்காலக் காலைகளிலும் மலைப்பகுதிகளிலும், பல நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டிகளிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. பேட்டரி எனப் பரவலாக அழைக்கப்படும் மின்கலமே இதற்குக் காரணம் எனக் கருதி, முதலில் அதை மாற்றுவது வழக்கமாக உள்ளது. எனினும் மின்கலம் வலுவிழப்பது பல வேளைகளில் நோயன்று, நோயின் அறிகுறியே ஆகும். மின்னூட்டும் அமைப்பில் பழுது இருப்பின் புதிய மின்கலமும் சில நாட்களில் இறங்கிவிடும். ஆகவே எந்த உறுப்பையும் மாற்றுவதற்கு முன்னர், பழுது எரிபொருளிலா, தீப்பொறியிலா, மின்கலத்திலா, மின்னூட்டத்திலா என அளந்து பிரித்தறிவது இன்றியமையாதது.

வரலாறு

தொடக்ககால விசையுந்துகள் மிதித்தோ, தள்ளியோ, உதைநெம்பு கொண்டோ இயக்கப்பட்டன. ஈய-அமில மின்கலத்தை பிரான்சு நாட்டைச் சேர்ந்த காசுடன் பிளான்டே 1859 இல் உருவாக்கியிருந்தார். ஆயினும் விசையுந்தின் அதிர்வையும் தொடக்கியின் சுமையையும் தாங்கும் மின்கலம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 1914 இல் எண்டீ இசுபெசல் என்னும் வண்டியை மின் தொடக்கியுடன் வெளியிட்டது. அதன் மின்கலங்கள் நம்பகமாக இயங்காமையால் அம்முயற்சி விரைவில் கைவிடப்பட்டது. ஆர்லி-டேவிட்சன் நிறுவனத்தின் பெரிய வண்டிகளில் மின் தொடக்கி 1965 இல் எலெக்ட்ரா கிளைடு வண்டியுடன் அறிமுகமானது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இதனால் புதிய விசையுந்துகளில் கார்புரேட்டருக்கு மாற்றாக மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் பரவலானது. இவ்வகை வண்டிகளில் எரிபொருள் எக்கியும் கட்டுப்பாட்டுக் கருவியும் மின்சாரத்தில் இயங்குவதால் மின்கலத்தின் நலம் முன்னைவிட முதன்மை பெற்றுள்ளது.

குளிரின் விளைவுகள்

குளிர் ஒரே நேரத்தில் மூன்று இடங்களைத் தாக்குகிறது.

எரிபொருள்: பெட்ரோல் நீர்மமாக எரிவதில்லை, அதன் ஆவியே காற்றுடன் கலந்து எரிகிறது. குளிரில் ஆவியாதல் குறைவதால் கலவை மெலிகிறது. இதை ஈடுசெய்ய, கார்புரேட்டர் வண்டிகளில் சோக் இழுக்கப்பட்டு கலவை செறிவாக்கப்படுகிறது. உட்செலுத்தல் வண்டிகளில் வெப்பநிலை உணரி தரும் தகவலைக் கொண்டு கட்டுப்பாட்டுக் கருவி இதே பணியைச் செய்கிறது. எத்தனால் ஆவியாவதற்கு அதே எடையுள்ள பெட்ரோலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் தேவைப்படுவதால், அது மிகுந்த எரிபொருளில் இச்சிக்கல் கூடுகிறது. பிரேசிலில் 2009 இல் வெளியான ஓண்டா சிஜி 150 டைட்டன் மிக்சு வண்டி எத்தனாலிலும் பெட்ரோலிலும் இயங்க வல்லது. எனினும் 15 பாகை செல்சியசுக்குக் கீழே அதைத் தொடக்குவதற்குத் தொட்டியில் குறைந்தது 20 விழுக்காடு பெட்ரோல் இருக்க வேண்டும்.

மசகெண்ணெய்: குளிரில் எண்ணெயின் பாகுநிலை உயர்வதால் பொறியைச் சுழற்றக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. எண்ணெய்க் கலனில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 எனக் காணப்படும் குறியீடுகளில் முதல் எண் குளிர்நிலைப் பண்பைக் குறிக்கிறது. அவ்வெண் குறைவாயின் எண்ணெய் குளிரில் எளிதாக ஓடும்.

மின்கலம்: ஈய-அமில மின்கலத்தில் மின்சாரம் வேதிவினையால் உண்டாகிறது. வெப்பநிலை குறைய வினையின் வேகமும் குறைகிறது. 0 பாகை செல்சியசில் மின்கலத்தின் தொடக்கத் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. −18 பாகையில் ஏறத்தாழப் பாதியாகிறது. இவ்வாறு தேவை கூடும் அதே வேளையில் வழங்கும் திறன் குறைகிறது.

சமவெளிகளில் இத்தகைய கடுங்குளிர் இல்லை. ஆனால் மின்கலத்தின் ஆயுளைக் குறைப்பதில் வெப்பமே முதன்மையானது. கோடையில் நீர் ஆவியாதலும் தகடுகளின் அரிப்பும் விரைவடைகின்றன. அப்போது ஏற்பட்ட கேடு, பொறியைச் சுழற்றக் கூடுதல் விசை தேவைப்படும் மார்கழிக் காலையில்தான் வெளிப்படுகிறது.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

தொடக்கப் பொத்தானை அழுத்தும்போது கிடைக்கும் ஒலியே முதல் தடயம் ஆகும்.

- பொறி வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றவில்லை எனில், மின்கலம் பெரும்பாலும் நன்றாகவே உள்ளது. எரிபொருளையும் தீப்பொறியையும் ஆராய வேண்டும்.
- பொறி தயங்கித் தயங்கிச் சுழன்றால், மின்கலத்தில் மின்னூட்டம் குறைவு, முனைகளில் தளர்வு அல்லது துரு, மிகக் கெட்டியான எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம்.
- பொறி சுழலாமல் ‘டக் டக்’ எனத் தொடர் ஒலி மட்டும் எழுந்தால், ரிலேயை ஈர்க்கும் அளவு மின்சாரம் உள்ளது, தொடக்கியைச் சுழற்றும் அளவு இல்லை என்பது பொருள்.
- எவ்வித ஒலியும் விளக்கும் இல்லை எனில், பியூசு உருகியிருக்கலாம் அல்லது மின்கல முனை கழன்றிருக்கலாம். விளக்குகள் எரிந்தும் தொடக்கி அசையவில்லை எனில், பொறி நிறுத்து பொத்தான், கிளட்ச் பொத்தான், பக்கத் தாங்கியின் பொத்தான் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

உதைநெம்பு உள்ள வண்டிகளில் மேலும் ஒரு சோதனை உண்டு. பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் தீப்பொறிக்கான மின்சாரம் மின்கலத்திலிருந்து அன்றி மேக்னெட்டோச் சுருளிலிருந்து நேராகப் பெறப்பட்டது. அவை மின்கலம் முற்றிலும் இறங்கிய நிலையிலும் உதைத்தால் இயங்கும். இதனால் மின்கலம் செத்துப்போனதே தெரியாமல் பல மாதங்கள் ஓட்டப்படுவதும் உண்டு. உட்செலுத்தல் வண்டிகளில் இத்தகைய ஓட்டம் பெரும்பாலும் இயலாது.

மூன்று அளவீடுகள்

மல்டிமீட்டரை நேர் மின்னோட்ட வோல்ட்டு நிலையில் வைத்து, மின்கலத்தின் இரு முனைகளிலும் மூன்று முறை அளந்தால் பெரும்பாலான மின்பழுதுகளைக் கண்டறியலாம்.

முதல் அளவீடு, ஓய்வு நிலை. வண்டி சில மணி நேரம் நின்ற பின்னர் அளக்க வேண்டும். ஓடிய உடனே அளந்தால் மேற்பரப்பு மின்னூட்டம் காரணமாக உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 12 வோல்ட்டு மின்கலத்தில் 6 அறைகள் உள்ளன; முழுமையாக மின்னேற்றிய ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட்டு தரும். எனவே,

- 12.6 வோல்ட்டு அல்லது அதற்கு மேல்: முழு மின்னூட்டம்
- 12.4 வோல்ட்டு: ஏறத்தாழ முக்கால் பங்கு
- 12.2 வோல்ட்டு: ஏறத்தாழப் பாதி
- 12.0 வோல்ட்டும் அதற்குக் கீழும்: கால் பங்கு அல்லது அதனினும் குறைவு

இரண்டாவது அளவீடு, சுழற்சி நிலை. தொடக்கியை அழுத்தும்போது மின்னழுத்தம் குறைவது இயல்பே. முழுமையாக மின்னேற்றிய பின்னரும் அது ஏறத்தாழ 9.6 வோல்ட்டுக்குக் கீழ் சரிந்தால், மின்கலத்தின் உள்தடை மிகுந்துவிட்டது எனக் கொள்ளலாம். ஓய்வில் 12.6 வோல்ட்டு காட்டும் மின்கலமும் இச்சோதனையில் தோற்பதுண்டு. மாறாக, முனைகளில் மின்னழுத்தம் குறையாமல் இருந்தும் தொடக்கி சுழலவில்லை எனில் பழுது கம்பியிலோ, ரிலேயிலோ, தொடக்கியிலோ உள்ளது.

மூன்றாவது அளவீடு, ஓட்ட நிலை. பொறியின் வேகத்தை நிமிடத்திற்கு 3000 முதல் 5000 சுற்றுகளுக்கு உயர்த்தும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட்டு கிடைக்க வேண்டும். ஓய்வு நிலை அளவிலிருந்து உயரவில்லை எனில் மின்கலம் மின்னேறவில்லை. சுருள், இணைப்பி, மின்திருத்தி ஆகியவற்றை ஆராய வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் மின்னழுத்தச் சீராக்கி பழுதுற்றுள்ளது. மிகை மின்னேற்றம் அமிலத்திலுள்ள நீரை வற்றச் செய்து புதிய மின்கலத்தையும் அழிக்கும்.

மூன்று அளவீடுகளும் சரியாக இருந்தும் மின்கலம் இரவில் இறங்கினால் மின்கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். சாவியை அணைத்து, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அம்முனைக்கும் கம்பிக்கும் இடையே அம்மீட்டரை இணைத்து அளக்கலாம். இந்நிலையில் தொடக்கியை அழுத்தினால் கருவி பழுதாகும். 5 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 20 மில்லி ஆம்பியர் கசிந்தால் 250 மணி நேரத்தில், அதாவது ஏறத்தாழ 10 நாட்களில் அது காலியாகும். பின்னர் பொருத்திய திருட்டு எச்சரிக்கைக் கருவி, கைப்பேசி மின்னேற்றி போன்றவை இத்தகைய கசிவுக்குக் காரணமாவதுண்டு.

பழுதே இல்லாத வண்டியிலும் மின்கலம் இறங்கலாம். ஒவ்வொரு முறையும் ஓரிரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால், தொடக்கி எடுத்த மின்சாரம் திரும்ப நிரம்புவதில்லை. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிவதால் இச்சுமை சற்றுக் கூடியுள்ளது. பாதி இறங்கிய நிலையிலேயே கிடக்கும் மின்கலத்தின் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டு, இழந்த திறன் மீளாது போகும்.

எரிபொருளும் தீப்பொறியும்

பொறி நன்கு சுழன்றும் பற்றாதபோது தீப்பொறிச் செருகியைக் கழற்றிப் பார்ப்பது பயன்தரும். அது பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, ஆனால் எரியவில்லை. செருகியைத் துடைத்து உலர்த்தி, இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். இவ்விடைவெளி பல வண்டிகளில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் ஆகும். செருகி உலர்ந்திருந்தால் எரிபொருள் பொறியை எட்டவில்லை. பல வாரங்கள் நின்ற வண்டியில் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் கூறுகள் வெளியேறி, எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் சிறு துளைகளை அடைத்திருக்கலாம். சோக்கை இழுத்தபடி ஆக்சிலேட்டரையும் முழுதாகத் திருகுவது பல கார்புரேட்டர்களில் சோக்கின் பயனைக் குறைத்துவிடும். வால்வு இடைவெளி தேவைக்குக் குறைவாயின் அழுத்தம் கசிந்து, குளிரில் தொடங்குவது கடினமாகும்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

இறங்கிய ஈய-அமில மின்கலத்தை அதன் கொள்திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் மெதுவாக மின்னேற்றுவது நல்லது. 5 ஆம்பியர்-மணி மின்கலத்திற்கு இது 0.5 ஆம்பியர் ஆகும். மின்னேற்றத்தின்போது ஐதரசன் வளிமம் வெளியேறுவதால் அருகில் தீயோ புகைபிடித்தலோ கூடாது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது அதை இறுதியிலும் கையாள வேண்டும். இதனால் கருவி சட்டகத்தில் பட்டு குறுக்குச் சுற்று ஏற்படுவது தவிர்க்கப்படுகிறது. அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே மிகுந்த நீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் மருத்துவரையும் நாட வேண்டும். பொறி ஓடும்போது மின்கல இணைப்பைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம், திடீர் மின்னழுத்த உயர்வால் மின்னணுக் கருவிகளைக் கெடுக்கக்கூடும்.

திறந்த வகை மின்கலத்தில் குறைந்த அளவிற்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே சேர்க்க வேண்டும். அமிலம் சேர்த்தல் தவறு. இலித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கலங்களுக்கு மேற்கண்ட வோல்ட்டு அளவுகள் பொருந்தா. முழு மின்னூட்டத்தில் அவை ஓய்வில் ஏறத்தாழ 13.3 வோல்ட்டு காட்டும், உறைநிலைக்குக் கீழ் அவற்றை மின்னேற்றுதல் கூடாது.

பழைய ஈய-அமில மின்கலத்திலுள்ள ஈயம் நச்சுத்தன்மை உடையது, எனினும் மீட்டுப் பயன்படுத்தத் தக்கது. இந்தியாவில் 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் இவ்வாறான மீட்பை ஒழுங்குபடுத்துகின்றன. ஆதலால் பயனற்ற மின்கலத்தை வீட்டுக் குப்பையில் சேர்க்காமல், விற்பனையாளரிடமோ பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும்.