இதயத்தை அடைப்பது விதியா?

“நேற்று மாலை வரை நன்றாகத்தானே இருந்தார்!” மாரடைப்பால் ஒருவரை இழந்த இல்லத்தில் தவறாமல் கேட்கும் சொற்கள் இவை. “அவர் தந்தைக்கும் இப்படித்தான் நேர்ந்தது, தலையெழுத்தை யாரால் மாற்ற முடியும்?” என்ற பேச்சும் தொடர்ந்து எழும். துயரத்தில் பிறக்கும் இச்சொற்களை எவரும் குறை கூறலாகாது. ஆயினும் அவை உண்மைதானா என்று ஆராய்வது, உயிரோடிருப்போருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையாகும்.

உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்தும் இதயம், தன் தசைக்கு வேண்டிய இரத்தத்தைக் கரோனரித் தமனிகள் எனப்படும் மெல்லிய குழாய்களின் வழியாகவே பெறுகிறது. இக்குழாய்களின் சுவரினுள் கொழுப்பு சிறிது சிறிதாகப் படிகிறது. ஒருநாள் அப்படிவின் மேலுறை கிழிந்துவிட, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து பாதை அடைபடுகிறது. இரத்தம் பெறாத தசை சில மணி நேரத்தில் மடிந்துபோகிறது. இதுவே மாரடைப்பு. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள், நூற்றுக்கு 77 பேரிடம் தமனி நோயின் அடையாளங்களைக் கண்டதாக 1953-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அவ்வீரர்களின் சராசரி வயது 22! நொடியில் நிகழ்வதாகத் தோன்றும் மாரடைப்பு, உண்மையில் பல்லாண்டுகளாக உருவாகிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஓர் ஊர் தந்த பாடம்

இந்நோயை வளர்ப்பவை எவை? இதனை அறிய 1948-இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்னும் ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. அவ்வூரின் ஆண்களும் பெண்களுமாக 5,209 பேர், ஈராண்டுக்கு ஒருமுறை தங்கள் உடலைச் சோதனைக்கு உட்படுத்த மனமுவந்து முன்வந்தனர். உயர் இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் தெளிவாக அறிந்தது அவர்களாலேயே.

எனினும் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. அவ்வூரார் பெரும்பாலும் ஐரோப்பிய மரபினர். அவர்களிடம் கண்டது ஆசியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் பொருந்துமா? தென்னாசிய மக்களை மாரடைப்பு இளவயதிலேயே தாக்குகிறதே, அது அவர்களுடைய பிறவிக் கூறோ?

உலகை அளந்த ஆய்வு

இவ்வினாவுக்கு விடை காணப் புறப்பட்டவர் இதய மருத்துவர் சலீம் யூசுப். கேரளத்தில் பிறந்த இவர், இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 1963-இல் பெங்களூரில் நிறுவிய செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பின்னர் ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்து, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவர் தலைமையில் நடைபெற்ற ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 52 நாடுகளைத் தழுவியது. முதன்முறை மாரடைப்பு கண்ட ஒவ்வொருவரையும், அதே வயதுடைய, அதே பாலினத்தைச் சேர்ந்த, இதய நோயற்ற மற்றொருவரோடு ஒப்பிட்டனர். இவ்வாறு ஏறத்தாழ 30,000 பேர் ஆராயப்பட்டனர்.

2004-இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் ஆண்களிடம் நூற்றுக்கு 90 பங்கும், பெண்களிடம் 94 பங்கும் ஒன்பதே காரணங்களால் விளங்கின. அவை: புகைத்தல், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனஅழுத்தம், நாள்தோறும் காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை ஆகிய எட்டும், மதுவைப் பற்றிய ஒன்றுமாம். முதலிரண்டுமே மூன்றில் இரு பங்கு அபாயத்துக்குக் காரணமாயின. எல்லாக் கண்டங்களிலும், எல்லா வயதினரிடத்தும் இதே கதைதான். பெற்றோருக்கு இதய நோய் இருந்ததா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, 90 என்பது 91 ஆக மட்டுமே உயர்ந்தது!

மதுவைப் பற்றி ஒரு சொல். அளவான மது இதயத்தைக் காப்பதுபோல் பொதுக் கணக்கில் தோன்றியது. தென்னாசியரிடத்திலோ அத்தகைய பயன் ஏதும் காணப்படவில்லை. ஆதலால் இதனைச் சாக்காகக் காட்டிக் கோப்பையை எடுப்பார்க்கு இவ்வாய்வில் இடமில்லை.

புகையிலையைப் பற்றி 2006-இல் வந்த முடிவு நம் திண்ணைகளுக்கே எழுதப்பட்டது போன்றது. பீடி புகைப்போருக்கு மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைக்காமல் புகையிலையை மெல்வோருக்கோ இரு மடங்குக்கும் மேல். ‘சிகரெட்டைத் தொட்டதில்லை, வெற்றிலையோடு சிறிது புகையிலை மட்டுமே’ என்பது காப்பு ஆகாது.

நம்மவர் நிலை

இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஐந்து தென்னாசிய நாடுகளின் கணக்கு 2007-இல் தனியே வெளியிடப்பட்டது. முதல் மாரடைப்பின் சராசரி வயது பிற நாட்டாருக்கு 59, நம்மவர்க்கு 53. குடும்பத்தைத் தாங்கும் வயதில் ஆறு ஆண்டுகள் எத்துணைப் பெரியவை! மகளின் திருமணமும் மகனின் படிப்பும் பெரும்பாலும் அவ்வாண்டுகளில்தானே அடங்கியுள்ளன?

காரணம் யாது? மாரடைப்பு வராதவர்களை எடுத்துக்கொண்டாலும், நாள்தோறும் காய்கனி உண்போர் பிற நாடுகளில் நூற்றுக்கு 45 பேர். தென்னாசியாவில் 27 பேரே. போதிய உடற்பயிற்சி செய்வோர் அங்கே 22 பேர். இங்கே வெறும் ஆறு பேர். மேற்கூறிய காரணங்கள் நம்மவரிடம் இளமையிலேயே மிகுந்திருப்பதே இந்த வயது வேறுபாட்டை பெரும்பாலும் விளக்கிவிடுகிறது என்று ஆய்வாளர் கண்டனர். குருதியின் மீது நாம் சுமத்திய பழி, பெரும்பாலும் நம் பழக்கங்களையே சேரும்.

நன்கு வாழ்ந்தவர்க்கும் நோய் வரலாம். அவர்மீது பழி கூற இவ்வாய்வு இடந்தரவில்லை. எனினும் செய்யத்தக்கவை பல உள்ளன. முப்பது வயதைக் கடந்தோர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் அளந்தறிதல் நன்று. வலி வரும்வரை காத்திருத்தல் வீண், ஏனெனில் இவை மூன்றும் வலிப்பதில்லை. இலையில் சோறு குறைந்து காய் கூடட்டும். நெஞ்சில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், ‘வாயுவாக இருக்கும்’ என்று கஷாயம் வைத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிகிறது.

‘நேற்று வரை நன்றாக இருந்தார்’ என்று நாளை நாம் வருந்துவதினும், ‘இன்று நன்றாக இருக்கிறாரா?’ என்று அளந்து பார்ப்பதே அன்புடைய குடும்பத்திற்கு அழகாகும்.