கம்பு பாக்ரி தரும் இரும்புச் சத்து

புனே மாவட்டத்து ரஞ்சன்காவ், மகாகணபதி கோயிலாலும் தொழிற்பேட்டையாலும் பெயர்பெற்ற ஊர். மழை குறைந்த அவ்வட்டாரத்தின் வழிவழி உணவு, கம்பு மாவைத் தட்டிச் சுடும் பாக்ரி. இவ்வெளிய உணவு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது: வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவு பெறுவது வேறு.

ஆற்றலுக்கு மாவுப்பொருளும் கொழுப்பும், வளர்ச்சிக்குப் புரதமும், உடல் செவ்வனே இயங்க வைட்டமின்களும் தாதுக்களும் நீரும் இன்றியமையாதவை. தாதுக்களை உடல் தானே உருவாக்க இயலாது; உணவிலிருந்தே பெற வேண்டும். அவற்றுள் இரும்பு குறைந்தால், உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குருதியில் குன்றிச் சோர்வு மிகும்.

இக்ரிசாட் நிறுவனமும் ராகுரியின் மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகமும் உருவாக்கிய 'தனசக்தி' கம்பு, இரும்பு மிகுந்தது. மகாராஷ்டிரப் பள்ளி மாணவர்களுக்கு இத்தகைய கம்பில் செய்த பாக்ரியை நாளுக்கு இருவேளை அளித்தபோது, நான்கு மாதங்களில் அவர்கள் உடலில் இரும்பின் இருப்பு உயர்ந்ததென 2015-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

எனினும், தானியத்திலுள்ள இரும்பில் ஒரு பகுதியையே உடல் ஏற்கிறது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றின் வைட்டமின் சி அதற்குத் துணைபுரியும். உணவோடு பருகும் தேநீர் தடையாகும். ஆகவே, உண்டபின் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்போம். செலவின்றிச் சேரும் ஆதாயம் இது.