பழைய கணிப்பொறிக்குப் பாதுகாப்புக் கட்டணம்: கட்டலாமா, வேண்டாமா?

கல்லாவுக்குப் பக்கத்தில் கணிப்பொறி வைத்து பில் போடும் நம்மவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2015-ல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

அதனால் மெஷின் நின்றுவிடாது. பில் வரும், ஸ்டாக் காட்டும். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை இலவசமாக அடைத்துத் தர ஆள் இல்லை. பூட்டு பழுதான கிடங்கில் சரக்கை அடுக்குவதற்குச் சமம் இது.

திருத்தம் தொடர்ந்து வேண்டுமானால் கட்டணம் உண்டு. வணிக உபயோகத்திற்கு ஒரு கணிப்பொறிக்கு முதலாண்டு 61 டாலர், இரண்டாம் ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. ஆக 427 டாலர். நம் பணத்தில் 35,000 ரூபாய்க்கு மேல். தாமதமாகச் சேருவோர் விட்டுப்போன ஆண்டுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். 2028 அக்டோபருக்குப் பின் இதுவும் கிடையாது. 30 டாலர் திட்டம் என்று கேள்விப்படுவது வீட்டு உபயோகத்திற்கானது.

முன்பு விண்டோஸ் எக்ஸ்பி-க்கும் இதே நிலை வந்தது. 2014-ல் பிரிட்டிஷ் அரசு ஓராண்டு நீட்டிப்புக்கு 55 லட்சம் பவுண்டு கொடுத்தது. மறு ஆண்டு அதைப் புதுப்பிக்கவில்லை. அவகாசம் வாங்கத்தான் அந்தப் பணம்.

திருத்தம் போடாவிட்டால் என்ன ஆகும்? 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டி, திறக்க 300 டாலர் கேட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். நம் கடையில் பூட்டப்படுவது வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. விவரமும் அல்லவா?

நாம் சொல்வது இதுதான்:

1. உங்கள் மெஷின் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். ஏற்றால் மாற்றம் இலவசம். மாற்றுமுன் பில்லிங் மென்பொருள், பிரிண்டர், மின்தராசு ஆகியவை அதில் ஓடுமா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஏற்காவிட்டால் ஓராண்டுக்கு மட்டும் கட்டி, அதற்குள் புது மெஷினுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மூன்றாண்டுக் கட்டணத்தைப் பழைய மெஷினில் போடுவது நஷ்டம்.

3. இரண்டும் இயலாதவர்கள் அதை இண்டர்நெட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. வேலைக்கு வேறு மெஷின் வையுங்கள்.

எதைச் செய்தாலும், இரவு கடை அடைக்குமுன் கணக்கைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். கல்லாப் பணத்தைப் போலவே கணக்கும் நம் முதல்தான்.