வாடல் இலையில், நோய் வேரில்

வேர் உறிஞ்சும் நீரைவிட இலை வழியே ஆவியாகும் நீர் மிகும்போது செடி வாடுகிறது. தண்ணீர் இல்லாமை இதற்கு ஒரு காரணம் மட்டுமே. வேர் அழுகினாலோ, தண்டுக்குள் நீரேறும் குழாய்கள் அடைபட்டாலோ, ஈர மண்ணில் நிற்கும் செடியும் தாகத்தால் துவளும். துவண்ட செடியைக் கண்டதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பலரின் வழக்கம். அழுகிய வேருக்கு அதுவே கேடு.

மதிய வெயிலில் தொங்கிய இலை சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது பெரும்பாலும் நோயல்ல. விடியற்காலையிலும் துவண்டிருந்தால் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை நுழைத்துப் பார்க்க வேண்டும். வறண்டிருந்தால் தண்ணீர் போதும். ஈரமாக இருந்தால் வேரடியை ஆராயாமல் வேறெதுவும் செய்யக் கூடாது.

மல்லிகையில் முதலில் அடியிலைகள் மஞ்சளாகும். பின்பு மேலிலைகளும் பழுத்து, செடி காயும். தூரைச் சுற்றி மண்ணை விலக்கினால் வெள்ளைப் பூசண இழைகளும், அவற்றினூடே கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் தென்படும். இது ‘ஸ்கிளரோஷியம் ரால்ப்சி’ என்ற பூஞ்சை. 1892இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தக்காளிச் செடியில் இதைக் கண்டு எழுதிய ரால்ப்ஸ் என்பவரின் பெயரையே தாங்கியிருக்கிறது. நூற்றுக்கணக்கான செடியினங்களை இது தாக்கும். அந்தக் கடுகு உருண்டைகள்தான் இதன் பலம்: செடி செத்த பிறகும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கி, ஈரமும் வெப்பமும் கூடும்போது மீண்டும் முளைக்கும். ஆகவே செத்த செடியைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் புதுக் கன்று நடுவது வீண்.

கனகாம்பரத்தின் கதை வேறு. ‘பியூசேரியம்’ பூஞ்சையோடு நூற்புழுவும் அதில் கூட்டுச் சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத இப்புழு வேரில் போடும் காயம் பூஞ்சைக்கு வாசலாகிறது. இலை வெளிறித் தொங்கும்; ஓரங்களில் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு படரும்; வேர்ப்பட்டை அழுகிக் கழன்று வரும். பூஞ்சையை மட்டும் ஒழிக்க மருந்து ஊற்றினால் செடி சில நாள் தேறி மறுபடி சாய்வதற்கு நூற்புழுவே காரணமாக இருக்கலாம்.

கத்தரியும் தக்காளியும் அருகே இருந்தால் பாக்டீரியா வாடலையும் சோதிப்பது நல்லது. வாடிய தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளர் நீரில் தொங்கவிட்டால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கும். பூஞ்சை வாடலில் இது வராது.

நோய் முற்றிய செடியைக் காப்பாற்ற முயல்வதைவிட, வேரோடும் சுற்றுமண்ணோடும் அப்புறப்படுத்தி எரிப்பதே பக்கத்துச் செடிகளுக்குச் செய்யும் உதவி. அதை உரக்குழியில் போடவே கூடாது. பூஞ்சை வாடல் தொடங்கும் நிலையில் உள்ள செடிக்கும் அண்டைச் செடிகளுக்கும் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து, தூரைச் சுற்றி மண் நனைய ஊற்றலாம். நோய் வருமுன் தடுக்க, மட்கிய தொழுவுரத்தில் ‘டிரைக்கோடெர்மா விரிடி’ கலந்து இடலாம். இது நோய்ப் பூஞ்சையை உண்டு வாழும் நல்ல பூஞ்சை. தாமிர மருந்தோடு சேர்த்து இட்டால் பாதிக்கப்படலாம் என்பதால் இரண்டுக்கும் 15 நாளாவது இடைவெளி வேண்டும். நூற்புழுவுக்கு வேப்பம் பிண்ணாக்கும், ஊடே நட்ட துலுக்கச் சாமந்தியும் கைகொடுக்கும்.

நோய் கண்ட பாத்தியைக் கோடையில் நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைத்தால், மேல்மண்ணின் சூட்டில் கிருமிகள் பெருமளவு அழியும். நீர் தேங்காத மேட்டுப்பாத்தி அமைத்து, நோயற்ற வரிசையிலிருந்து எடுத்த பதியன்களை அதன்பின் நடலாம். நோயிடத்தில் புழங்கிய மண்வெட்டியைக் கழுவிக் காயவைத்த பிறகே புதுப் பாத்தியில் இறக்க வேண்டும்.