சேக்கிழாரும் வேற்காட்டு மூர்க்க நாயனாரும்

முன்னுரை

தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்தது குன்றத்தூர். அதற்கு வடக்கே கூவம் ஆற்றை அடுத்து அமைந்தது திருவேற்காடு. இவ்விரண்டு ஊர்களையும் ஒட்டிய நிலப்பரப்பில் பூந்தமல்லி, நூம்பல் முதலிய ஊர்கள் இன்று சென்னையின் மேற்புறநகர்களாய் விளங்குகின்றன. நூம்பலில் நின்று நோக்குவார்க்குப் பெரிய புராணம் பாடிய புலவர் பிறந்த ஊரும், அப்புராணத்துள் பாடப்பெற்ற அடியார் ஒருவரின் ஊரும் ஒரு பகற்பொழுதில் நடந்து சென்று மீளத்தக்க எல்லைக்குள் உள்ளன. குன்றத்தூர்ச் சேக்கிழார் தம் அயலூரினராகிய மூர்க்க நாயனாரை எவ்வாறு பாடினார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாயனாரோ சூதாடிப் பொருள் ஈட்டியவர். சேக்கிழாரோ சோழப் பேரரசின் அமைச்சராய் அறங்காத்தவர். ஆகலின் இவ்வாராய்ச்சி ஊர்ப்பற்றைப் பற்றிய ஒன்றாக மட்டும் நில்லாது, காப்பிய அறம் பற்றிய வினாவாகவும் விரிகின்றது.

புலவர் வரலாறு

சேக்கிழார் வரலாற்றைக் கூறும் தனி நூல் உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருத்தொண்டர் புராண வரலாறு ஆகும். இதனைச் சேக்கிழார் புராணம் எனவும் வழங்குவர். அருண்மொழித் தேவர் என்பது புலவரின் இயற்பெயர் என்றும், சேக்கிழார் என்பது குடிப்பெயர் என்றும், பாலறாவாயர் அவர்தம் இளவல் என்றும் அந்நூல்வழி அறிகின்றோம். அநபாய சோழன் அவரை அமைச்சராக்கி உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டம் அளித்தான் என்ப. சோழ நாட்டுத் திருநாகேச்சுரத்தில் ஈடுபாடு மிக்க அவர், அப்பெயராலேயே குன்றத்தூரிலும் ஒரு கோயில் எடுப்பித்தார் என்பது வரலாறு.

அரசன் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்டு, அவனை அடியார் வரலாற்றின்பால் திருப்பவே புலவர் இக்காப்பியத்தை இயற்றினார் என்று அந்நூல் கூறும். சேக்கிழார் காலத்திற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பிற்பட்ட நூல் அது. பெரிய புராணத்துள்ளோ அச்செய்தி யாண்டும் கூறப்படவில்லை. ஆகலின் அதனை வழிவழி வந்த மரபாகக் கொள்ளலாமேயன்றி, ஐயமற்ற வரலாறாகக் கொள்ளல் இயலாது. அநபாயன் என்னும் பெயரோ காப்பியத்துள்ளேயே பல இடங்களிற் பயில்கின்றது. அவன் தில்லைப் பேரம்பலத்தைப் பொன்வேய்ந்த செய்தியும் ஆண்டுக் காணப்படும். இவற்றைக் கொண்டு, 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனே அநபாயன் என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் துணிபு. அகச்சான்றை முதலாகக் கொண்டு புறச்சான்றை அதற்குத் துணையாக்கும் இம்முறையே புலவர் வரலாறு காண்பார்க்கு உரிய நெறியாகும்.

பிறந்த நாட்டின்பால் புலவர்க்கிருந்த பற்றுக்கும் அகச்சான்று உண்டு. திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியில் வாழ்ந்த ஏகாலியர். அவர் வரலாறு சுருங்கிய ஒன்றே. எனினும் அதனைத் தொடங்குமிடத்துச் சேக்கிழார் தொண்டை நாட்டு வளத்தையும் காஞ்சியின் சிறப்பையும் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களால் விரித்துரைக்கின்றார். வேனிற்காலத்தில் வறண்டு தோன்றும் பாலாறு, உழவர் மணலைத் தோண்டிய அளவில் நீர் சுரந்து ஊட்டும் இயல்பினை, குழவி தடவப் பால் சுரக்கும் தாயோடு அவர் உவமித்துள்ளார். ஊற்றுக்கால் தோண்டும் வழக்கத்தைக் கண்ணாற் கண்டு வளர்ந்தார்க்கன்றி இவ்வுவமை எளிதில் தோன்றாது.

நாயனார் வரலாறு

சுந்தரர் அருளிய திருத்தொண்டத் தொகை 11 பாடல்களால் ஆயது. அதன்கண் மூர்க்கர் பெயரளவில் வணங்கப்பெறுகின்றார். நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியுள் ஒரு பாடலளவில் அவரைப் போற்றினார். சேக்கிழார் அதனை வம்பறா வரிவண்டுச் சருக்கத்துள் முழு வரலாறாக விரித்தார்.

பாலாற்றின் வடபால் உள்ள வேற்காட்டில் வேளாண் குடியிற் பிறந்தவர் இந்நாயனார். அடியார்க்கு அமுதளித்துப் பின்னரே தாம் உண்ணும் கடப்பாடு பூண்டவர். அடியார் நாள்தோறும் பெருகவே கைப்பொருள் மாண்டது, நிலமும் பிறவும் விற்றார், அவையும் தீர்ந்தன. அந்நிலையில், தாம் முன்னர்க் கற்றிருந்த சூதினைப் பொருளீட்டும் வழியாகக் கொண்டார். அவ்வூரில் அவரோடு பொருதற்கு எவரும் இல்லாராகவே ஊரை விட்டு நீங்கினார். செல்லும் பதிதோறும் இறைவனை வணங்கிச் சூதாடி, இறுதியிற் குடந்தையை அடைந்தார். முதலாட்டத்தில் தோற்றுப் பின்னாட்டங்களில் வெல்வது அவர் ஆடுமுறை. தோற்ற பொருளைத் தர மறுத்தாரைச் சுரிகையாற் குத்தியமையால் மூர்க்கர் என்னும் பெயர் பெற்றார். சூதில் வந்த பொருளை அவர் கையால் தீண்டுவதில்லை. அமுது சமைப்போரே அதனை எடுத்துக் கொள்வர். அடியார் அனைவரும் உண்ட பின்னர்க் கடைப்பந்தியில் அமர்ந்து தாம் உண்பார்.

அறச்சிக்கல்

திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் சூதினை முற்றும் கடிந்துரைக்கின்றது. பாரதக் கதையிலும் நளன் கதையிலும் சூது குடியையும் நாட்டையும் ஒருங்கே கெடுத்தது. இம்மரபினை நன்கறிந்த சேக்கிழார் சூதாடியைத் தொண்டராகப் பாடுங்கால், பயன் நன்றாயின் எவ்வழியும் நன்றாம் என்று கூறினாரோ எனின், வரலாற்றை அவர் நிரல்படுத்திய முறை அவ்வாறு கொள்ளற்கு இடந்தரவில்லை.

முதலாவது, அறவழிப் பொருள் அனைத்தும் தீர்ந்த பின்னரே சூது புகுகின்றது. இரண்டாவது, அச்சூது நாயனாரை அவர் பிறந்த ஊரிலிருந்தே பெயர்த்துவிடுகின்றது. தீய தொழிலுக்கு உரிய விலையை அவரும் கொடுத்தே தீர்கின்றார். மூன்றாவது, மூர்க்கர் என்னும் பெயர் உலகம் இட்ட பழிப்பெயர். புலவர் அதன் காரணத்தை மறையாது கூறுகின்றார். நான்காவது, பொருளைத் தீண்டாமையும் கடைப்பந்தியில் உண்டலும் மிகவும் கருதற்பாலன. தூய வழியில் வந்த பொருளாயின் தீண்டாமைக்குக் காரணம் இல்லை. அப்பொருள் மாசுடையது என்பதனை நாயனாரே உணர்ந்திருந்தார் என்பது இச்செயலாற் பெறப்படும். குறள் கடியும் சூதன் தன் வேட்கைக்கு ஆடுபவன். இவரோ வென்ற பொருளில் தமக்கென ஒன்றும் கொள்ளாதவர்.

இத்துணையும் கூறிய பின்னும் ஒரு முட்டுப்பாடு எஞ்சுகின்றது. சுரிகையாற் குத்துண்டார் துன்பம் பற்றிப் புலவர் ஒன்றும் கூறிற்றிலர். தொண்டின் உறைப்பையே அளவுகோலாகக் கொண்ட காப்பியத்தில் பிறர் துன்பம் பின்னிற்றல் இயல்பேயாயினும், இன்று கற்பார்க்கு அவ்விடம் எளிதில் அமைதி தருவதன்று. அதனை உரைவன்மையால் மூடுதல் ஆராய்ச்சியாகாது.

ஒப்புநோக்கு

இன்றைய சென்னையையும் அதன் சூழலையும் சார்ந்த அடியார் வேறு சிலரும் காப்பியத்துள் உளர். திருவொற்றியூர்க் கலிய நாயனார் எண்ணெய் வணிகர். விளக்கெரிக்கப் பொருளின்றி, மனைவியை விற்கவும் முயன்று, வாங்குவார் இன்மையால் தம் குருதியையே அகலில் நிறைக்கத் துணிந்தார். திருநின்றவூர்ப் பூசலார் பொருளின்மையால் மனத்துள்ளேயே கோயில் எடுத்தார். மயிலை வாயிலாரோ அகவழிபாட்டினர். வறுமை என்னும் ஒரே நிலை ஒருவரைச் சூதுக்கும், ஒருவரைத் தம்மையே அழித்துக் கொள்ளுதற்கும், பிறிதொருவரை உள்ளக் கோயிலுக்கும் செலுத்தியது. பூசலார் தம் தொண்டிற்குப் பொருளே வேண்டுவதில்லை எனக் கண்டார். மூர்க்கர்க்கு அவ்வழி இல்லை. பசித்து வந்தாரை நினைவால் உண்பித்தல் ஒல்லாதன்றோ! சோற்றுக்கு அரிசி வேண்டும். அரிசிக்குப் பொருள் வேண்டும். இவ்வேறுபாட்டை உளங்கொண்டாலன்றி மூர்க்கர் வரலாற்றின் நெருக்கடி விளங்காது.

முடிவுரை

சேக்கிழார் தம் அயலூரடியாரைப் பாடுங்கால் குறையை மறைத்தாரல்லர்; குறையையே நிறையாக்கவும் முயன்றாரல்லர். நாட்டுவளம் பாடுங்கால் நெகிழும் அவர் உள்ளம், அடியார் செயலை உரைக்குங்கால் வழக்கின் இருபக்கமும் அறிந்த அமைச்சர் உள்ளமாக நிற்கின்றது. மூர்க்கர் என்ற பழிப்பெயரையும், தீண்டாத கையையும், கடைப்பந்தி இலையையும் ஒருங்கே வைத்து, தீர்ப்பினைக் கற்பார்க்கு விட்டுச் செல்கின்றார். புலவர் வரலாறு குறித்த செவிவழிச் செய்திகளினும் இவ்வகை அகச்சான்றுகளே அவர் உள்ளத்தை நமக்குத் தெளிவாகக் காட்டுவன என்பது துணியப்படும்.